அறை வாடகைக்கு விட லைசென்ஸ் வேண்டுமா? ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடத்தில் சட்டம் பார்க்காத கட்டில்கள்

சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர், ஒரகடம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ‘ரூம் வாடகைக்கு’ போர்டு தொங்குகிறது. தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடும்பங்கள், மிச்சமிருந்த மனையில் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கின்றன. விவசாயம் போன இடத்தில் வாடகைதான் வருமானம். ‘நம்ம இடம், நம்ம கட்டடம், இதுக்கு எதுக்கு லைசென்ஸ்?’ என்பது அவர்களின் நியாயமான கேள்வி. பதில், அந்த அறையில் யார் தங்குகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறுகிறது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

சில நாள் தங்குபவர்களுக்கு என்ன விதி?

கார் தொழிற்சாலை வேலையாகப் பத்து நாள் வரும் கொரியப் பொறியாளருக்கு அறை கொடுத்தால், 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். ஓட்டல், கெஸ்ட் ஹவுஸ், தனி வீடு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் மிச்சமிருக்கும் அறையைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடுபவர்களுக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு அறைகள், அதிகபட்சம் 12 கட்டில்கள். உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஆக, வீட்டைப் பூட்டிச் சாவியை மட்டும் கொடுப்பது இந்தத் திட்டத்துக்குள் வராது.

பெண்கள் ஹாஸ்டலுக்கு?

இங்கே சட்டம் கண்டிப்பானது. 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதிச் சிறுமிகள் இருவருக்கு நேர்ந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, அதே ஆண்டில் ‘தமிழ்நாடு பெண்கள் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம்’ வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் பெண்கள் விடுதி நடத்த முடியாது. கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை சான்று, சுகாதாரச் சான்று ஆகியவை வேண்டும். சமையல் நடந்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் அனுமதியும் தேவை. மீறினால் அபராதத்தோடு சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு.

சட்டம் இருந்தும் 2021 டிசம்பரில் என்ன நடந்தது? சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி அருகிலுள்ள விடுதியில் உணவு விஷமானது. 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12-ல்தான் ஆலை மீண்டும் திறந்தது.

கவனிக்க வேண்டியது ஒன்று. விடுதிகளின் நிலையை நாடே பேச வைத்தது உரிமம் கொடுக்கும் அலுவலகம் அல்ல. ரோட்டில் உட்கார்ந்த பெண்களும், கடல் கடந்து இருந்த வாடிக்கையாளரும்தான். காகிதத்தில் இருக்கும் லைசென்ஸை யாராவது நேரில் போய்ப் பார்த்தால்தான் அதற்கு உயிர்.

பிறகு அரசே களத்தில் இறங்கியது. வல்லம் வடகாலில் சிப்காட் மூலம் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு, சுமார் 706 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்ட் 17-ல் திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால், இந்தத் தொழில் வட்டாரம் முழுவதற்கும் அது ஒன்றே போதாது.

ஆண்கள் தங்கும் அறைகளுக்கு?

ஒடிசா, பிஹார், ஜார்க்கண்ட், அசாமிலிருந்து வந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்கும் ஆண்கள் ஒரே அறையில் பலராகத் தங்குகிறார்கள். பகல் ஷிப்ட்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்ட்காரர் படுப்பதும் உண்டு. 2014 சட்டம் பெண்கள், குழந்தைகள் விடுதிகளுக்கு மட்டுமானது. ஆண்கள் விடுதிக்கு அதுபோல ஆட்சியர் உரிமம் கேட்கும் தனிச்சட்டம் கிடையாது. கட்டட விதிகளும் பொதுச் சுகாதார விதிகளும் இருக்கின்றன. ஆனால், ஓர் அறையில் எத்தனை பேர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, தீப்பிடித்தால் வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா என்று வாசலில் வந்து கேட்பவர் யார்?

வரிச் சட்டம்கூட இந்தப் பாகுபாட்டைப் பார்க்கவில்லை. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் ஜிஎஸ்டி இல்லை என்று 2024 ஜூனில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. அதில் ஆண், பெண் என்ற பிரிவே இல்லை. வரிக்குக் கட்டில் கட்டில்தான். பாதுகாப்புக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

வெளியில் எப்படி?

சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான தமிழ்நாட்டு ஆண்கள் தொழிலாளர் விடுதிகளில் தங்குகிறார்கள். அங்கு 2015-ல் வந்த சட்டம் ஆயிரம் கட்டில்களுக்கு மேலுள்ள விடுதிகளுக்கு மட்டும் லைசென்ஸ் கேட்டது. கொரோனா அந்த விடுதிகளில் காட்டுத்தீயாகப் பரவியது. அந்த அடிக்குப் பிறகு, 2023 ஏப்ரல் 1 முதல் ஏழு கட்டில்கள் இருந்தாலே லைசென்ஸ் கட்டாயம். ஆக, அங்கே வேலைக்குப் போன நம்மூர்க்காரர் படுக்கும் இடத்தைச் சட்டம் எண்ணுகிறது. நம்மூருக்கு வேலைக்கு வந்தவர் படுக்கும் இடத்தை எண்ணவில்லை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, 2014 சட்டத்தின் பாதுகாப்பை ஆண் தொழிலாளர் விடுதிகளுக்கும் நீட்டிக்க வேண்டும். இரண்டாவது, பத்துப் பதினைந்து கட்டில் வைத்திருக்கும் சிறு உரிமையாளரை நான்கு அலுவலகங்களுக்கு அலையவிடக் கூடாது. ஒரே இடத்தில் விண்ணப்பம், குறைகளைச் சரிசெய்யக் கால அவகாசம், அதன் பிறகு நேரடி ஆய்வு. இல்லையென்றால் லைசென்ஸ் இன்னொரு வசூல் ஜன்னலாகிவிடும். செலவு வாடகையில் ஏறி, கடைசியில் தொழிலாளி தலையில் விழும்.

மூன்றாவதுதான் முக்கியம். லைசென்ஸ் இல்லாத விடுதியில் ஆட்களைத் தங்கவைத்தால் ஒப்பந்ததாரரும், அவரிடமிருந்து ஆள் எடுக்கும் ஆலையும் பதில் சொல்ல வேண்டும். விடுதி வாசலில் பஸ் நிறுத்தி ஆள் ஏற்றும் கம்பெனிக்கு அந்த வாசலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதா?

பொள்ளாச்சிக்குப் பிறகு ஒரு சட்டம். பூந்தமல்லிக்குப் பிறகு ஒரு குடியிருப்பு. ஆண்களின் அறைகளுக்கு விதி எழுதவும் ஒரு ஊரின் பெயர் செய்தியில் வரும் வரை காத்திருக்கக் கூடாது.