இரத்தம் கம்மி என்று யார் சொன்னது?

மலையகத்தில் அசதிக்கு ஒரே பெயர்தான்: இரத்தம் கம்மி. ஹேவாஹெட்டவிலிருந்து தலாத்துஓய வழியாகக் கண்டிக்கு இறங்கும் பாதையில் ஏதாவது ஒரு பாமசியில் "உடம்பு ஒரே அசதியா இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் இரும்புச்சத்து டானிக் கைக்கு வரும். கூடவே ஒரு நம்பிக்கையும் வரும்: இரும்பு எவ்வளவு போனாலும் நல்லதுதான், மிஞ்சியதை உடம்பே வெளியே தள்ளிவிடும். இதற்குச் சாட்சியும் வைத்திருக்கிறார்கள். மாத்திரை விழுங்கினால் மலம் கறுப்பாகப் போகிறதே!

அது அரைச் சாட்சி. கறுப்பாகப் போவது குடல் உறிஞ்சாமல் விட்ட இரும்பு. உறிஞ்சி உள்ளே எடுத்ததை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி கிடையாது. தோலும் குடலும் உதிர்க்கும் செல்களோடு நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம் கழியும்; பெண்களுக்கு மாதவிடாயில் இன்னும் கொஞ்சம். வளர்ந்த ஒருவரின் உடம்பு முழுவதிலும் இருப்பதே 3, 4 கிராம்தான். ஆகவே உள்ளே விடும்போதே அளந்து விட வேண்டும். அந்த வேலையைப் பார்ப்பது ஈரல் சுரக்கும் ஹெப்சிடின், வெறும் 25 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பொருள். தோட்டத்து கேட்டில் நிற்கும் வாட்சர் மாதிரி அது: இரும்பு போதும் என்றால் குடலின் கதவைச் சாத்தும், பற்றாது என்றால் திறந்துவிடும்.

வாட்சர் ஈரலின் ஆள் என்பதில்தான் வில்லங்கம். ஹெபடைடிஸ் சி வைரஸ் ஈரலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டால் ஹெப்சிடின் சுரப்பு குறைகிறது. போதிய இரும்பு இருந்தும் குடல் மேலும் இழுக்கிறது. இழுத்தது, ஏற்கெனவே வீங்கி நொந்திருக்கும் அதே ஈரலில் படிகிறது. படிந்த இரும்பு செல்களை அரித்துத் தழும்பாக்குகிறது. தழும்பு முற்றினால் ஈரல் சுருங்கும், சிலருக்குப் புற்றுநோயும் வரும். இதற்கு மேல் கசிப்பும் சாராயமும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம், மதுவும் ஹெப்சிடினை அடக்கும். எல்லா நோயாளிக்கும் இரும்பு மிஞ்சுவதில்லை, உண்மைதான். ஆனால் மிஞ்சியவருக்கும் மிஞ்சாதவருக்கும் வெளியே தெரியும் குறி ஒன்றே: அசதி. அதற்குத்தான் நாம் டானிக் வாங்கிக் கொடுக்கிறோம்.

இது நேற்று முளைத்த சந்தேகம் இல்லை. ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் அவருடைய சகாக்களும் சிறுநீரகச் சுத்திகரிப்பில் இருந்த நோயாளிகளைக் கவனித்தார்கள். இரத்தத்தில் இரும்பு கூடுதலாக இருந்தவர்களிடம் வைரஸ் நிரந்தரமாகத் தங்கிவிடும் போக்குத் தெரிந்தது. 1979இலும் 1983இலும் அதைக் கட்டுரைகளாக வெளியிட்டார்கள். ஜப்பானிய வைத்தியர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், ஹெபடைடிஸ் சி நோயாளிகளின் இரத்தத்தையே அவ்வப்போது எடுத்து இரும்பைக் குறைத்தார்கள். ஈரல் நொதிகளின் அளவு இறங்கியது. இன்று சில வார மாத்திரையில் வைரஸையே ஒழித்துவிடலாம் என்பதால் அந்த முறைக்குத் தேவை குறைந்துவிட்டது. நம் ஊரில் அசதிக்கு இரத்தம் ஊற வைக்கத் துடிக்கிற நேரத்தில் அங்கே அதை இறக்கிக்கொண்டிருந்தார்கள்!

"இலங்கையில் இந்த வைரஸ்கள் அரிதுதானே?" என்று கேட்பார்கள். அரிதுதான். 2003 முதல் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்கள், இரத்த வங்கியும் சோதித்துத்தான் இரத்தம் கொடுக்கிறது. ஆனால் தலசீமியா இங்கே அரிது இல்லை. அந்தப் பரம்பரைக் கூறை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்றவருக்குச் சிவப்பணுக்கள் சின்னதாக, வெளிறியிருக்கும். மேலோட்டமான சோதனையில் அது இரும்புக் குறைபாடு போலவே தெரியும். இரும்பைக் கொடுத்தாலும் அணுக்கள் பெருக்காது. பெருக்கவில்லையே என்று இன்னொரு போத்தல் வாங்குவார்கள். நோய் முழுதாக உள்ள பிள்ளைக்கோ ஏற்றும் ஒவ்வொரு பைண்ட் இரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உள்ளே போகிறது; அதை இறக்கவே தனியாக மருந்து தேவைப்படுகிறது. உணவோடு பிளேன்டீ குடிக்கச் சொல்லும் வைத்தியர்களும் உண்டு, தேயிலை இரும்பை உறிஞ்சவிடாது என்பதால். இலங்கைத் தேயிலையின் தாய்வீடான லூல்கந்துர தோட்டம் பக்கத்தில்தான் இருக்கிறது. "டீ குடிச்சா இரத்தம் சுண்டிப்போகும்" என்ற பேச்சில் இருக்கும் உண்மை இவ்வளவுதான், அதுவும் சிலருக்கு நல்லதாக.

இதைப் படித்துவிட்டுக் கர்ப்பிணிகள் யாரும் கிளினிக்கில் தரும் மாத்திரையை அடுப்பில் போட வேண்டாம். தோட்டத்துப் பெண்களிடம் இரும்புக் குறைபாடு நிஜமாகவே இருக்கிறது. வயிற்றில் பிள்ளை வளரும்போது இரும்பு கட்டாயம் வேண்டும். அங்கே அளவு உண்டு, காலம் உண்டு, கவனிக்கக் குடும்பநல மாது உண்டு. என் சண்டை அளவும் காலமும் இல்லாத போத்தலோடு.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு மூடத்தனம் தலைகாட்டுகிறது. இரும்பைச் சேமித்து வைக்கும் புரதமான ஃபெரிட்டின் இரத்தத்தில் கூடியிருக்கிறது என்ற சோதனைத் தாளைக் கண்டதும் முருங்கைக்கீரையையும் ஈரல் பிரட்டலையும் வீட்டை விட்டே விரட்டிவிடுகிறார்கள். ஈரல் அழற்சியாலேயே ஃபெரிட்டின் கூடும். இரும்பு நிஜமாக மிஞ்சியிருக்கிறதா என்பதற்கு டிரான்ஸ்ஃபெரின் நிறைவு, அதாவது இரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைகளுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரி போதாது, பெரும்பாலும் கண்டிக்குத்தான் போக வேண்டும். பஸ் காசு ஒரு பக்கம், சோதனைக் காசு ஒரு பக்கம். அன்றைய பேர் போடாததால் போகும் கூலி இன்னொரு பக்கம். டானிக் போத்தலோ ரோட்டோரக் கடையில் கைக்கு எட்டும் விலையில் நிற்கிறது. கொழுந்து எடுக்கும் ஒரு பெண் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று கடைக்காரருக்கும் தெரியும், தோட்ட நிர்வாகத்துக்கும் தெரியும், சுகாதார அமைச்சுக்கும் தெரியும்.