நோயாளி மருத்துவமனையில், வளர்ப்புப் பிராணி யாரிடம்?

மருத்துவமனையில் சேர வேண்டும் என்று மருத்துவர் கூறியவுடன் குடும்பத்தினர் பல ஏற்பாடுகளைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். பணத்திற்கு என்ன செய்வது, உடன் தங்குவது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார் என்பவை வெளிப்படையாகவே பேசப்படும். ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் மனத்திற்குள்ளேயே தங்கிவிடுகிறது: வீட்டிலுள்ள நாய்க்கும் பூனைக்கும் சோறு வைப்பது யார்? கேட்டால் பிறர் நகைப்பார்களோ என்று நோயாளிகள் தயங்குகின்றனர். அது நகைப்பிற்குரிய கேள்வி அன்று. சிகிச்சையோடு நேரடித் தொடர்புடைய கேள்வி என்பதே எங்கள் கருத்து.

ஆலங்காயத்தையும் சுற்றுவட்டாரத்தையும் எண்ணிப் பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் காலையிலேயே புறப்படும் பிள்ளைகள் இருட்டிய பிறகே வீடு திரும்புகின்றனர். சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றுவிட்டவர்கள் திருவிழாவுக்கு மட்டுமே வருகின்றனர். வீட்டில் தனித்திருக்கும் முதியவருக்குப் பகல் முழுவதும் துணையாக இருப்பது ஒரு நாயாகவோ பூனையாகவோ இருக்கலாம். ஜவ்வாது மலை அடிவாரத்து நிலங்களில் வசிப்போருக்கு இரவுக் காவலும் நாய்தான். இத்தகையவரிடம் பத்து நாள் தங்கவேண்டும் என்றால், “அடுத்த மாதம் வருகிறேன்” என்று எழுந்துவிடுவார். சேர்ந்த பிறகும், தையல் பிரிக்கும் முன்பே வீட்டுக்கு அனுப்புமாறு கேட்பவர் உண்டு. தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சையும் பாதியில் நின்ற மருந்தும் எத்தகைய கேடு விளைவிக்கும் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரைக் கத்ரீனா புயல் தாக்கியபோது, வளர்ப்புப் பிராணிகளை விட்டுவிட்டு வர மறுத்து வெள்ளத்தின் நடுவே வீட்டிலேயே தங்கியவர் பலர். அதன் பயனாக, பேரிடர்த் திட்டங்களில் பிராணிகளுக்கும் இடம் வேண்டும் என்று 2006இல் அந்நாடு சட்டம் இயற்றியது. மனிதரைக் காக்க வேண்டுமானால் அவர் நேசிக்கும் பிராணிக்கும் ஓர் இடம் காட்ட வேண்டும் என்பதே அச்சட்டத்தின் உட்பொருள். நோயும் ஒரு குடும்பத்தின் பேரிடரே.

நம் மாநிலத்திற்குப் பிராணிக் காப்பகம் புதியதன்று. விமானிகளான கேப்டன் சுந்தரமும் அவர் துணைவியார் உஷா சுந்தரமும் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, அடிபட்ட பிராணிகளுக்கு மருத்துவம், தடுப்பூசி, நாய்களுக்குக் கருத்தடை, ஆதரவற்ற குட்டிகளுக்குப் புதிய வீடு எனப் பல பணிகளைச் செய்துவருகிறது. ஆனால் ஆலங்காயத்தில் நோயுற்றவருக்குச் சென்னைக் காப்பகம் எவ்விதம் பயன்படும்? ஒவ்வொரு மாவட்டத்திலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் அமைய வேண்டும், காப்பகத்திற்கும் பிராணி மருத்துவமனைக்கும் மாநில அரசு நிலம் வழங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2001ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. மருத்துவமனை, பள்ளி, பேருந்து நிலைய வளாகங்களிலுள்ள தெருநாய்களைக் காப்பகங்களுக்கு மாற்றுமாறு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. ஆகவே காப்பகங்கள் பற்றிய பேச்சு இப்போது எங்கும் எழுந்துள்ளது.

இத்தருணத்தில் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. 2019இல் உருவான நம் திருப்பத்தூர் மாவட்டத்தில் எங்கே காப்பகம் அமைந்தாலும், உள்நோயாளிகளின் வளர்ப்புப் பிராணிகளுக்கெனச் சில அறைகளை ஒதுக்க வேண்டும். மருத்துவரின் கடிதத்தைக் காட்டினால் பிராணியை ஏற்று, தடுப்பூசி இட்டு, நோயாளி வீடு திரும்பும்வரை பராமரித்து ஒப்படைக்க வேண்டும்.

மனிதருக்கே படுக்கை போதாத நாட்டில் நாய்க்கு அறையா என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனினும், கவலையால் பாதியில் வெளியேறிய நோயாளி, நோய் முற்றி மீண்டும் வரும்போது அதே படுக்கையில் இன்னும் அதிக நாள்கள் தங்க நேரிடும். பிராணிக்கு ஒதுக்கும் சிறிய அறை, மனிதருக்கான படுக்கையையும் மிச்சப்படுத்தும்.

காப்பகம் வரும்வரை குடும்பத்தினர் செய்யக்கூடியவை சில உண்டு. முன்கூட்டியே தேதி குறித்த சிகிச்சையாயின், பிராணியை யார் பார்த்துக்கொள்வது என்பதை உறவினர் அல்லது அண்டை வீட்டாருடன் பேசி முடிவு செய்யுங்கள். உணவு, வேளை, மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கால்நடை மருந்தகத்தில் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை உரிய காலத்தில் போட்டுவிடுங்கள். பழக்கமில்லாதவரை நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்கு வரச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூச வேண்டா. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. உடனே தடுப்பூசி தொடங்கினால் அந்நோயைத் தடுக்க இயலும்.

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றோ ஆஸ்துமா என்றோ தெரிந்ததும், வளர்த்த நாயை நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டு வருவோரும் உள்ளனர். அவ்விதம் செய்யாதீர்கள். பட்டினிக்கு ஆளாகும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 50 ரூபாய்க்கு மேற்படாது என்பதால் குற்றம் சிறிதாகிவிடாது. பெரும்பாலான நோயாளிகள் பிராணியைப் பிரிய வேண்டிய தேவையே இல்லை. கை கழுவுதல், கழிவைப் பிறர் அகற்றுதல், படுக்கையறையில் விடாதிருத்தல் போன்ற சில கட்டுப்பாடுகள் போதும். உங்கள் நோய்க்கு எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இறுதியாக, சேர்க்கையின்போதே செவிலியரிடம் இதைக் கூறிவிடுங்கள். காப்பகம் கட்டும் ஆற்றல் எங்களுக்கு இல்லை. ஆனால் அவசரமில்லாத அறுவை சிகிச்சையை ஓரிரு நாள் மாற்றி வைக்கவும், உங்கள் உறவினருக்குத் தொலைபேசியில் தகவல் சொல்லவும் எங்களால் இயலும். நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.