பழைய வண்டியா, புது வண்டியா?

ரப்பர் மரத்தை எப்போது வெட்டிச் சாய்க்க வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. கன்று நட்டு 5 முதல் 7 ஆண்டு காத்திருந்தால் மரம் பால்வெட்டுக்கு வரும். 25, 30 வயதில் மறுநடவு பேச்சு எழும். மரம் கிழடாகிவிட்டதே என்று இரக்கப்பட்டு நிர்வாகம் அதை விட்டுவைப்பதுமில்லை. கிழடாகிவிட்டது என்பதற்காக மட்டும் வெட்டுவதுமில்லை. வாளியில் விழும் பால் வெட்டுக்கூலிக்குக் கட்டுகிறதா, இல்லையா? அதுதான் கேள்வி. செம்பனையும் அப்படித்தான். காய்ப்பு நின்றுவிட்டதால் அதைச் சாய்ப்பதில்லை. மரம் ஓங்கி வளர்ந்து, குலை அறுக்கும் செலவு ஏறிவிடுவதால்தான் சாய்க்கிறார்கள்.

இவ்வளவு தெளிந்த கணக்கைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த நாம், வண்டி விஷயத்தில் மட்டும் கணக்கை மூட்டை கட்டி வைத்துவிடுகிறோம். ஒருவர் பாசத்தால் பழையதைக் கட்டி அழுகிறார். இன்னொருவர் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிவிட்டாரே என்று புதியதற்குக் கையெழுத்துப் போடுகிறார். இரண்டுமே வீட்டுப் பெண்களின் கழுத்து நகையில் வந்து முடிகின்றன.

இந்த இதழில் சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்திலிருந்து அங்கே போய்த் தொழில் நடத்தும் மகனும் மருமகனும் நம் குடும்பங்களில் பலருக்கு உண்டு. வண்டி மாற்றப் பணம் வேண்டும் என்று ஊருக்குச் செய்தி வரும்போது, கொடுக்கிறவர்களுக்கும் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜொகூர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். தேக்கா சந்தையில் காய்கறிக் கடை. விடியுமுன் பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்துக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வருவது அவர் வேலை. கடையையும் கணக்கையும் கவனிப்பது அவர் மனைவி. அவர்களிடம் இருப்பது நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப் வண்டி. சின்ன வயதில் துரை லேண்ட்ரோவரில் சேற்றைக் கிழித்துக்கொண்டு போனதைப் பார்த்த ஆசை, அப்படி வாங்க வைத்தது. இப்போது வண்டிக்குப் பத்து வயது நெருங்குகிறது.

"இந்த வண்டிதான் புள்ள நமக்குச் சோறு போட்டுச்சு. தள்ளிவிட மனசு வரல."

"சோறு போட்டுச்சுங்க, இல்லேன்னு சொல்லல. இப்ப அது நமக்குச் சோறு போடுதா, நாம அதுக்குச் சோறு போடுறோமா? அதைச் சொல்லுங்க."

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. ஆனால் பதில் சொல்லுமுன் அந்த ஊர்ச் சட்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வண்டிக்கு ஒரு விலை, உரிமைக்கு ஒரு விலை

சிங்கப்பூர் சிறிய தீவு. அதன் நிலப்பரப்பில் சுமார் 12 விழுக்காடு ஏற்கெனவே சாலைகளுக்கே போய்விட்டது. ஆகவே 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை வந்தது. வண்டிக்குக் காசு கொடுத்தால் மட்டும் போதாது. அதைச் சாலையில் ஓட்ட 'வாகன உரிமைச் சான்றிதழ்' ஒன்றையும் ஏலத்தில் எடுக்க வேண்டும். அதன் ஆயுள் 10 ஆண்டு. சரக்கு வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் சேர்த்துத் தனிப் பிரிவு உண்டு.

ஏலம் என்றால் விலை நிலையாக நிற்குமா? 2008 நவம்பரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 2 வெள்ளிக்குப் போனது. ஆம், இரண்டே வெள்ளி! அதே சான்றிதழ் 2023 அக்டோபரில் ஒரு லட்சம் வெள்ளியைத் தாண்டியது. சரக்கு வண்டிப் பிரிவிலும் 2023-இன் தொடக்கத்தில் 90,000 வெள்ளிக்கு மேல் ஏறியது.

பத்தாம் ஆண்டு முடிவில் வண்டி நல்ல நிலையில் இருந்தாலும் இரண்டே வழிதான்: பதிவை ரத்து செய்வது, அல்லது சான்றிதழைப் புதுப்பிப்பது. புதுப்பிக்க ஏலத்துக்குப் போக வேண்டாம். கடைசி 3 மாத ஏல விலைகளின் சராசரியைக் கட்டினால் போதும். 10 ஆண்டுக்கு என்றால் முழுத்தொகை. 5 ஆண்டுக்கு என்றால் பாதி. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. பதினைந்தாம் வயதில் வண்டிக்கு விடைகொடுத்தே ஆக வேண்டும். 10 ஆண்டுக்குப் புதுப்பித்தாலும் சரக்கு வண்டிக்கு 20 வயதுதான் எல்லை. பத்து வயதைக் கடந்த சரக்கு வண்டியை ஆண்டுக்கு ஒரு முறை அல்ல, 6 மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

தோட்டத்தில் மரத்துக்கு வயது வைப்பது நிர்வாகம். சிங்கப்பூரில் வண்டிக்கு வயது வைப்பது அரசாங்கம். அவ்வளவுதான் வித்தியாசம்!

மாதக் கணக்குக்கு வாருங்கள்

விலை ஏறி இறங்கும் என்பதால், இங்கே போடுவது புரிவதற்கான கணக்கு மட்டுமே. சான்றிதழ் 70,000 வெள்ளி என்றும், புது வண்டி 50,000 வெள்ளி என்றும் வைத்துக்கொள்வோம்.

புது வண்டிக்கு மொத்தம் 1,20,000 வெள்ளி. கையில் 20,000 இருக்கிறது. மீதி ஒரு லட்சம் கடன். ஆண்டுக்கு 3 விழுக்காடு நேர்வட்டி, 5 ஆண்டுத் தவணை என்றால் வட்டி மட்டும் 15,000. ஆக 1,35,000 வெள்ளி. 10 ஆண்டுக்குப் பிரித்தால் மாதம் 1,125.

பழைய வண்டியை 5 ஆண்டுக்குப் புதுப்பித்தால் 35,000 வெள்ளி. மாதத்துக்கு ஏறக்குறைய 583.

இரண்டுக்கும் இடைவெளி மாதம் 542 வெள்ளி. பழைய வண்டியின் கூடுதல் பழுதுச் செலவு, கூடுதல் எரிபொருள், அது பட்டறையில் நின்ற நாள்களுக்குக் கொடுத்த வாடகை, அந்த நாள்களில் கெட்ட வியாபாரம் எல்லாம் சேர்ந்து 542-க்குள் அடங்கினால் பழையதை வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால், பாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வண்டியைக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் 'மாதம் 1,125தானே' என்று யாரும் மயங்க வேண்டாம். அது பத்தாண்டுச் சராசரி. கடன்காரர் கேட்பது 5 ஆண்டில். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்தை 60 தவணையாகப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 1,917 வெள்ளி! மழை பெய்து சந்தை வெறிச்சோடினாலும், வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலும் தவணை நிற்காது. அந்தத் தொகையைக் கட்டத்தான் மகளின் படிப்புக் காசில் கை வைக்கிறோம். ஊரில் அம்மாவின் சங்கிலியை அடகுக்குக் கேட்கிறோம்.

மூன்றாவது வழியும் உண்டு. சில ஆண்டு உரிமை மிச்சமிருக்கும் பழைய வண்டியை வாங்கலாம். அங்கேயும் பளபளப்பைப் பார்க்காதீர்கள். மிச்ச மாதங்களைக் கேளுங்கள். 36,000 வெள்ளி வண்டிக்கு 48 மாதம் மிச்சம் என்றால் மாதம் 750. கேட்ட விலையை மிச்ச மாதத்தால் வகுத்தால் விற்பவரின் பேச்சு தெளிந்துவிடும்.

நான்கு சக்கர இழுவை எதற்கு?

1948-இல் வெளிவந்த லேண்ட்ரோவர் மலைத்தோட்டங்களில் பேர் வாங்கியதற்குக் காரணம் இருந்தது. செம்மண் பாதை, மழைக்காலச் சேறு, ஏற்றம். சிங்கப்பூரின் மிக உயர்ந்த குன்றான புக்கித் தீமாவே சுமார் 163 மீட்டர்தான். பாசிர் பாஞ்சாங்கிலிருந்து சிராங்கூன் சாலை வரை எங்கும் தார்ச்சாலை. கத்தரிக்காய்க் கூடைக்கு அந்த இழுவை எதற்கு? கூடுதல் எடை, கூடுதல் எண்ணெய், கெட்டுப்போகக் கூடுதல் பாகங்கள்! கட்டுமான இடங்களில் சேற்றுக்குள் இறங்குபவருக்கு அது தேவை. காய்கறிக்காரருக்குச் சாதாரண சரக்கு வேனே போதும். மாற்றுவது என்று முடிவானால், 'அதே மாதிரிப் புதியது' என்று கேட்காமல், 'என் வேலைக்கு எது போதும்' என்று கேளுங்கள்.

பழைய டீசல் வண்டியை முன்கூட்டியே மாற்றுவோருக்குச் சலுகை தரும் திட்டம் ஒன்றைச் சிங்கப்பூர் அரசு 2013-இல் தொடங்கியது. இப்படிப்பட்ட சலுகைகளின் விதிகள் அவ்வப்போது மாறும். எனவே விற்பனையாளர் வாய்ச்சொல்லை நம்பாமல், நிலப் போக்குவரத்து ஆணையத்தில் நேரே விசாரித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

கணக்கில் வராத ஒன்று

பிரேக் பிடிக்கத் தயங்கும் வண்டி, அடிச்சட்டம் துருப்பிடித்துப் போன வண்டி, இவற்றுக்கு மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது. லாரியின் பின்தட்டில் நின்றுகொண்டு வேலைக்குப் போன தலைமுறை நாம். வண்டி கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மெக்கானிக் "இனி ஆகாது" என்றால், 542 வெள்ளி மிச்சம் என்று வாதாட வேண்டாம்.

அந்தக் காய்கறிக் கடைக் குடும்பத்துக்கு என்ன சொல்வது? இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். கடந்த 12 மாதத்தில் வண்டிக்குக் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியையும், அது நின்ற ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். வண்டி உறுதியாக இருந்து, செலவும் இடைவெளிக்குள் அடங்கினால் 5 ஆண்டுக்குப் புதுப்பியுங்கள். மிஞ்சும் தொகையை மாதந்தோறும் தனிக்கணக்கில் போடுங்கள். மாதம் 300 வெள்ளி மிஞ்சினாலும் 5 ஆண்டில் 18,000. அடுத்த வண்டிக்கு முன்பணம் தயார். ஊருக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

மகனோ மருமகனோ வண்டிக்குப் பணம் கேட்டால், ஊரில் இருப்பவர்களும் கோபிக்க வேண்டாம். உடனே பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். "நோட்டைக் கொண்டா தம்பி, பார்ப்போம்" என்று சொல்லுங்கள். கணக்கைக் காட்டிக் கேட்கிற பிள்ளைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.