மேல பாருங்க, அப்புறம் மூடுங்க

பழைய வீட்டைப் புதுசாக்கணும்னு பேச்சு வந்தாலே இப்ப முதல்ல வர்ற வார்த்தை ஃபால்ஸ் சீலிங். காரை உதிருதா? உத்திரம் கறுத்திருக்கா? மழைக் கறை இருக்கா? எல்லாத்துக்கும் ஒரே பதில்தான்: "ஜிப்சம் போர்டு அடிச்சிட்டா எதுவும் தெரியாது." எனக்குப் பயமே அந்தத் 'தெரியாது'லதான்.

ஃபால்ஸ் சீலிங்கே வேண்டாம்னு நான் சொல்லல. சோத்துத் தட்டுல சுண்ணாம்புத் தூள் விழுற வீட்டுல இருக்கறவங்ககிட்ட போய்ப் பாரம்பரியம் பத்தி லெக்சர் எடுக்க முடியாது. ஆனா அது ஒரு ஃபினிஷ், ரிப்பேர் இல்லை. இது ரெண்டையும் நாம குழப்பிக்கிறோம்.

நம்ம ஊர்ப் பழைய மச்சு வீடுகள் நிறைய மெட்ராஸ் டெரஸ் முறையில கட்டினது. மர உத்திரங்கள், அதுக்கு மேல நெட்டுக்குத்தா அடுக்கின மெல்லிய செங்கல், அதுக்கு மேல செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்பு கான்கிரீட், கடைசியா தட்டோடு. மொத்த எடையும் உத்திரம் வழியாத்தான் சுவருக்குப் போகுது. ஈரமும் கரையானும் அதிகமா தாக்குறது சுவருக்குள்ள உட்கார்ந்திருக்கிற உத்திர முனையை. இப்ப அண்ணாந்து பார்த்தா ஓரளவுக்காவது தெரியும். போர்டு போட்ட பிறகு, போர்டுல கறை வந்தாத்தான் தெரியும். அதுக்குள்ள மரம் எத்தனை மழையைக் குடிச்சிருக்குமோ!

கான்கிரீட் வீடா இருந்தாலும் கதை இதுதான். கம்பி துருப்பிடிச்சா, அந்தத் துரு பழைய இரும்பைவிட ரெண்டு மடங்குக்கும் மேல இடம் கேக்கும். அந்த அழுத்தத்துல கம்பி ஓடுற வழியிலேயே விரிசல் விட்டு, கான்கிரீட் பாளம் பாளமா பெயரும். 12.5 மில்லிமீட்டர் போர்டு அதைத் தாங்குறதுக்காகச் செஞ்சது கிடையாது.

எடைக் கணக்கையும் பாருங்க. அந்த போர்டு ஒரு சதுர மீட்டருக்கு 8 கிலோவுக்கு மேல வரும். 10க்கு 12 அடி ரூம்னா சுமார் 11 சதுர மீட்டர். ஃபிரேமையும் சேர்த்தா 100 கிலோவைத் தொட்டுடும். நல்ல கான்கிரீட்டுக்கு இது ஒண்ணுமே இல்லை. ஆனா மெட்ராஸ் டெரஸ்ல செங்கலுக்குள்ள டிரில் போட்டு ஆங்கர் அடிச்சா, அந்த அதிர்ச்சியில பழைய சுண்ணாம்புப் பிடிப்பே விட்டுப்போகலாம். தொங்கவிடணும்னா நல்லா இருக்கிற உத்திரத்துலதான் தொங்கவிடணும். ஃபேனும் அப்படித்தான். பழைய கொக்கியிலிருந்து நீளமான ராடுல வரணுமே தவிர, சீலிங் ஃபிரேம்ல மாட்டவே கூடாது.

உயரமும் முக்கியம். பழைய வீட்டுல எந்த உத்திரமும் ஒரே மட்டத்துல இருக்காது. சீலிங் தட்டையா வரணும்னா, இருக்கறதுலயே தாழ்வான உத்திரத்துக்குக் கீழே டியூப் லெவல் வெச்சு மட்டம் குறிக்கணும். ஏசி இல்லாத ரூமுக்குக் குறைஞ்சது 2.75 மீட்டர் உயரம் வேணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லுது. அழகுக்காக அதையும் தின்னுட்டா, மே மாசம் நாமதான் வேகணும்.

அப்போ என்ன செய்யலாம்? முதல்ல மொட்டை மாடி ஒழுக்கைச் சரிபண்ணுங்க. அப்புறம் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையைப் பார்த்துட்டு சீலிங்கை ஆரம்பிங்க. ஒவ்வொரு உத்திர முனையையும் ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாருங்க. பொதுக்குனு உள்ள இறங்கினா தச்சரைக் கூப்பிடுங்க. மூடுறதுக்கு முன்னாடி முழுக்க போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஒவ்வொரு ரூம்லயும் ஆள் தலையை நுழைச்சுப் பார்க்கிற அளவுக்கு ஒரு டிராப் டோர் விடச் சொல்லுங்க.

"வீட்டுல கல்யாணம் வருது, மழை வரைக்கும் காத்திருக்க முடியுமா?"ன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். அப்படின்னா இந்த வருஷம் உதிர்ற இடத்தைப் பூசி, வெள்ளை மட்டும் அடிங்க. கல்யாணத்துக்கு வர்றவங்க சீரியல் லைட்டைத்தான் பார்ப்பாங்க, உத்திரத்தை இல்லை. அந்த ரூமுக்குக் கீழே தினமும் தூங்கப்போறது நம்ம ஆச்சியும் தாத்தாவும்.

நாலு வருஷமா ஸ்ட்ரக்சர், லோடுன்னு படிச்சிருக்கோம். இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு டார்ச்சும் ஏணியும் எடுத்துக்கிட்டு, நம்ம வீட்டு மச்சை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. சீலிங் டிசைன் போட்டோவை அதுக்கப்புறம் ஃபேமிலி குரூப்ல அனுப்பலாம்.