விடிகாலை வலிப்புக்கு முன் சுகரைப் பாருங்கள்

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரியின் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் சுகர் மெஷின் கிடைக்கும். ஆனால் எல்லோருக்கும் பயம் ஏறுகிற சுகரைப் பற்றித்தான். சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் விடிகாலையில் வெறும் வயிற்றோடு உளறினால், கைகால் இழுத்தால், வலிப்பு என்று மாத்திரை எழுதிவிடுவது எளிது. விரலில் ஒரு குத்து குத்திப் பார்த்தால் சிலருக்கு 55-க்கும் கீழே நிற்கும்.

காரணம் இன்சுலினோமாவாக இருக்கலாம். கணையத்தின் பீட்டா செல்களில் முளைத்து, நேரங்காலமில்லாமல் இன்சுலினைச் சுரக்கும் கட்டி. ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் நாலு பேருக்கு வரலாம். பெரும்பாலும் 2 செ.மீ.கூட இருக்காது, பத்தில் ஒன்பது பரவாதவை, எடுத்துவிட்டால் ஆள் தேறிவிடுவார்.

1926-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் வில்லியம் மேயோ ஒரு நோயாளியின் வயிற்றைத் திறந்தபோது கட்டி கல்லீரல்வரை பரவியிருந்தது. நோயாளியும் ஓர் அறுவை மருத்துவரே. கல்லீரல் கட்டியின் சாற்றை முயலுக்குச் செலுத்தினார்கள். முயலின் சுகர் இறங்கியது. கட்டிதான் குற்றவாளி என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்? மூன்றே ஆண்டில், 1929-ல், டொராண்டோவில் ராஸ்கோ கிரஹாம் இப்படியொரு கட்டியை எடுத்து நோயாளியைக் குணமாக்கினார்.

எடுத்த கட்டியை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஸ்லைடில் செல்கள் நாடா நாடாவாக வளைந்து நிற்கும். உட்கருவில் உப்பும் மிளகும் தூவியதுபோல் புள்ளிகள். பெத்தாலஜிஸ்டுகள் சொல்லும் இந்த உவமை மிளகு வியாபாரத்தில் வளர்ந்த மட்டாஞ்சேரிக்குச் சட்டென்று புரியும். சில கட்டிகளில் இடையிடையே இளஞ்சிவப்பாக அமிலாய்டு படிந்திருக்கும். காங்கோ ரெட் சாயமேற்றி, துருவ ஒளியில் பார்த்தால் அது பச்சையாக மின்னும்.

இன்சுலினைக் காட்டும் சாயம் பிடித்ததாலேயே ஒரு கட்டி இன்சுலினோமா ஆகிவிடாது. சாயம் பிடித்தும் தொல்லை தராத கட்டிகள் உண்டு. சுரந்ததையெல்லாம் இரத்தத்தில் கொட்டிவிட்டு, சாயம் மங்கலாக ஏறும் கட்டிகளும் உண்டு. பெயர் வைப்பது நோயாளியின் கதைதான். கட்டியின் வேகத்தை மட்டும் ஸ்லைடுதான் சொல்ல வேண்டும். பெருகும் செல்களைக் காட்டும் கி-67 மூன்று சதவீதத்துக்குக் கீழ் என்றால் முதல் தரம், இருபதைத் தாண்டினால் மூன்றாம் தரம். 'சுகர்தான் சரியாகிவிட்டதே' என்று அந்தச் சோதனையை விடுவது தவறான சிக்கனம். எத்தனை நாள் கண்காணிப்பது என்பதில் அந்த எண்ணுக்கும் பங்குண்டு.

திசுவோடு லேபுக்குப் போகும் சீட்டில் 'கணையக் கட்டி' என்று மட்டும் எழுதினால் போதாது. பட்டினிச் சோதனையில் சுகர் எவ்வளவு இறங்கியது, அப்போது இன்சுலினும் அதோடு சேர்ந்து சுரக்கும் சி-பெப்டைடும் எவ்வளவு, மயங்கிய அன்று தெருமுனை கிளினிக்கில் மெஷின் காட்டிய எண் என்ன என்பதையும் எழுதி அனுப்ப வேண்டும்.