எழுபது மீற்றருக்கு அப்பால் இருப்பதும் உயிர்தான்

"தென்னையைக் காப்பாற்ற வேணுமெண்டால் பொடியன்களின்ர கையில எயார் ரைபிளைக் குடுங்கோ. எழுபது மீற்றரில நிண்டு அணிலை விழுத்தப் பழக்குங்கோ. அது பயிர்ப் பாதுகாப்பு, அதோட ஒரு திறமை." எங்கள் முரசுமோட்டையில் கமக்காரர் கூடிய இடத்தில், லண்டனில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஓர் அண்ணை இப்படிப் பேசினார். பலர் கைதட்டினார்கள். நான் அன்று வாய் திறக்காமல் வீடு திரும்பியது பிழை. அவர் சொன்ன நியாயங்கள் மூன்று: அணில் தென்னையை அழிக்கிறது, சுடலாம் என்று அரசே சொல்லிவிட்டது, இங்கிலாந்தில் செய்வதுபோலத் தூரத்தில் நின்று சுட்டால் நோகாமல் சாகும். மூன்றில் ஒன்றுகூட நிற்காது.

முதலில், எந்த அணில்? ஒரே சொல்லுக்குள் இரண்டு விலங்குகளைப் போட்டுக் குழப்பினார் அவர். தேங்காயைக் கரம்பி ஓட்டை போடும் பலம் மர அணிலுக்கு உண்டு. சிங்களத்தில் தண்டுலேனா என்பார்கள். உலர் வலயத்தில் வாழும் துணையினத்துக்கு விஞ்ஞானப் பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. இலங்கையையும் தென்னிந்தியாவையும் விட்டால் அதற்கு உலகில் வேறு வீடு இல்லை. எங்கள் வளவுகளில் கொய்யாவிலும் மாவிலும் ஓடித்திரிவதோ முதுகில் மூன்று கோடு போட்ட சின்ன அணில். நிறை நூறு கிராம் அளவு. பழத்தைக் கோதும், பூச்சி புழுவையும் தின்னும். அதனால் நட்டமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தென்னந்தோட்டம் நலிவதற்கு அதைக் குற்றவாளி ஆக்குவது பொய். குரும்பை உதிர்வது வரட்சியால், பசளை போடாததால், 1997 இல் கற்பிட்டிப் பக்கம் முதன்முதலில் கண்டறியப்பட்ட சிற்றுண்ணியால். ஓலை கறுப்பது வெண் ஈயால். குருத்தைத் துளைப்பது காண்டாமிருக வண்டு. இவற்றில் எதை ரைபிளால் சுட்டு விழுத்துவது?

அடுத்தது அரசின் பெயர். தங்கள் காணிக்குள் வந்து பயிரை அழிக்கும் விலங்குகள்மீது விவசாயிகள் தேவையான நடவடிக்கை எடுக்கலாம் என்று விவசாய அமைச்சர் கே.டி. லால்காந்த 2024 டிசம்பரில் பேசியது உண்மை. 2025 மார்ச் 15 காலை 8 மணியில் இருந்து 8.05 வரை நாடு முழுவதும் குரங்கு, மந்தி, மர அணில், மயில் எண்ணப்பட்டதும் உண்மை. மர அணில் மட்டும் 26 இலட்சத்துக்கு மேல் என்ற கணக்கை அண்ணை வேத வாக்காக ஒப்புவித்தார். ஒரு வளவில் இருந்து அடுத்த வளவுக்குத் தாவும் விலங்கை இரண்டு வீட்டுக்காரரும் எண்ணினால் ஒன்று இரண்டாகும். ஐந்து நிமிடத்தில் ஆளுக்கு ஆள் எழுதிக் கொடுத்த எண்ணிக்கையை வைத்துக் கொலைக்குக் கணக்கு எழுத முடியாது. அமைச்சரின் பேச்சு சட்டமும் ஆகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

இனி அந்தத் "திறமை". இங்கிலாந்தில் சுடப்படும் சாம்பல் அணில் 19 ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் இருந்து கொண்டுபோய் விடப்பட்டது. அந்த நாட்டுச் சிவப்பு அணிலுக்கு அது அம்மை நோயைப் பரப்புகிறது. நிறை அரைக் கிலோ அளவு. அவ்வளவு பெரிய விலங்கையே சாதாரண எயார் ரைபிளால் சுமார் 30 மீற்றருக்குள் நின்றுதான் சுட வேண்டும் என்று அங்குள்ள வேட்டைக்காரரே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அண்ணை அங்கிருந்து துவக்கைக் கொண்டுவந்தார், கட்டுப்பாட்டை விட்டுவிட்டு வந்தார்.

கணக்கையும் பார்ப்போம். அங்கே அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய எயார் ரைபிளின் வலு 16 ஜூல் அளவு. அரைக் கிராமுக்குச் சற்றுக் கூடிய ஈயக்குண்டு செக்கனுக்கு ஏறத்தாழ 240 மீற்றர் வேகத்தில் புறப்படும். 30 மீற்றருக்குக் குறி சரிப்படுத்திய துவக்கால் 70 மீற்றரில் சுட்டால் குண்டு ஓர் அடி கீழே போகும். அதற்கு ஏற்ப உயர்த்திப் பிடித்தாலும், தூரத்தை ஐந்து மீற்றர் பிழையாக மதித்தால் குறி ஏழு சென்ரிமீற்றர் மாறும். குறுக்கே மணிக்கு 16 கிலோமீற்றர் காற்று வீசினால் குண்டு ஒரு சாண் ஒதுங்கும். வைகாசி தொடங்கிச் சோளகம் எப்படி வீசும் என்பதை முரசுமோட்டையில் யாருக்கும் நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. குண்டு போய்ச் சேர ஒரு செக்கனில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கும். அதற்குள் அணில் அடுத்த மட்டையில் நிற்கும். அதன் தலையோ பாக்கின் பருமன்.

ஆகவே குண்டு தலையில் படாது. வயிற்றில் படும், பின்னங்காலை முறிக்கும். அணில் இழுத்துக்கொண்டு பொந்துக்குள் போகும், அங்கே கிடந்து சாகும். தாய் அணில் என்றால் கூட்டுக்குள் இரண்டு மூன்று குட்டி, பத்துக் கிழமை அளவும் பால்குடி. இவை எதுவும் எழுபது மீற்றரில் நிற்பவர் கண்ணில் படாது. படாததைத்தான் அவர் "நோகாத சாவு" என்கிறார்.

தவறிய குண்டும் எங்கேயோ போய் விழத்தான் வேண்டும். எங்கள் வளவுகளுக்குப் பக்கத்தில் பரந்தன்–முல்லைத்தீவு வீதி போகிறது. அதில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளின் கண்ணுக்கு அந்தக் குண்டு ஒன்று போதும்.

இந்த வீதியாலேதான் 2009 இன் தொடக்கத்தில் போருக்குத் தப்பிச் சனம் கிழக்கு நோக்கி ஓடியது. மீள வந்தபோது வரிசை வரிசையாக வட்டு இல்லாத தென்னைகள் நின்றன. அந்தத் தலைகளை அறுத்தது செல். அதே செல்லின் துண்டுகளை இன்றும் உடம்பில் சுமந்துகொண்டு வயலுக்குப் போகிறவர்கள் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். அடித்தவர்கள் எங்கள் முகத்தைக் கண்டதில்லை. தூரம் அவர்களுக்கு அந்த வசதியைக் கொடுத்தது. காணாத உயிரைச் சுடலாம், விளைவைப் போய்ப் பார்க்கத் தேவையில்லை என்ற பழக்கத்தை இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குத் திறமை என்று கற்றுக்கொடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது, அண்ணை?

தோட்டத்தைக் காக்க வழி இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி வழுக்குத் தகரம் அடித்தால் எலியும் அணிலும் ஏறாது. பக்கத்து மரக் கொப்புகள் தென்னையில் முட்டாமல் வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் தகரம் வீண். பழங்களுக்குப் பை கட்டலாம். மர அணிலாலும் குரங்காலும் வரும் நட்டத்துக்குத் தெங்குப் பயிர்ச்செய்கைச் சபையிடம் ஊராகச் சேர்ந்து போய்க் கேட்க வேண்டும். தனி ஒருவனின் துவக்கு அதைத் தீர்க்காது.

அடுத்த கூட்டத்தில் நான் எழும்பிப் பேசுவேன். ரைபிளுக்குப் போகக்கூடிய காசைத் தகரத்துக்குச் சேர்ப்போம் என்று முன்மொழிவேன். லண்டனுக்குத் திரும்ப முன் நீங்களும் வாருங்கள், அண்ணை. மறுக்க ஏதாவது இருந்தால் என் முன்னால், பக்கத்தில் நின்று சொல்லுங்கள்.