கொழுப்பு தடவிய ஈயக்குண்டு

பவளம் செடியல்ல என்று இந்தப் பத்தியில் எத்தனை முறைதான் எழுதுவது! இந்த வாரம் படித்த ஒரு கட்டுரை, தாஹிட்டித் தீவருகே ஆழத்தில் உள்ள பவளத்திட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை ‘ரோஜாத் தோட்டம்’ என்றே வர்ணித்தது. வடிவம் ரோஜாதான், மறுக்கவில்லை. ஆனால் பவளம் விலங்கு. வாயும் வயிறும் உள்ள சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டும் சுண்ணாம்பு வீடு அது. செடி முளைக்கும், பவளம் கட்டும். இந்த வேறுபாடு தெரியாவிட்டால் செய்தியின் அருமையே போய்விடும்.

2021 நவம்பரில் அந்தத் திட்டைக் கண்டார்கள். 2022 ஜனவரியில் யுனெஸ்கோ அறிவித்தது. நீளம் சுமார் 3 கிலோமீட்டர். பவளத்துக்குள் குடியிருந்து அதற்கு உணவளிக்கும் பாசிக்கு வெயில் வேண்டும். அதனால் நாம் அறிந்த திட்டுகளில் பெரும்பாலானவை 25 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். இதுவோ 30 முதல் 65 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

தாஹிட்டிப் பவளத்திட்டு என்று பார்த்ததும் கட்டுரையை மூடிவிட்டு அலமாரிக்குப் போனேன். எந்தப் புத்தகத்தை எடுத்திருப்பேன் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். டார்வின் 1842-இல் வெளியிட்ட பவளத்திட்டு நூல். பரிணாமத்தால் புகழ்பெற்றவரின் இந்தப் புத்தகத்தை யாரும் தேடிப் படிப்பதில்லை என்பது என் தீராத வருத்தம்.

உண்மையான பவளத்திட்டு ஒன்றைக் கண்ணால் காணும் முன்பே, தென்னமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, வளைய வடிவத் திட்டுகள் எப்படி உருவாகின்றன என்ற கருத்து டார்வினுக்குத் தோன்றிவிட்டது. எரிமலைத் தீவு மெல்ல மெல்லக் கடலில் அமிழ்கிறது. அதைச் சுற்றியுள்ள பவளம் வெளிச்சத்தை விடாமல் மேலே மேலே கட்டுகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது.

1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் அவரும் கப்பலில் உடன் வந்தவர்களும் அதற்கான தடயம் தேடினார்கள். கையிலிருந்த கருவி, கயிற்றில் கட்டிய ஈயக்குண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டு மாதிரிதான். அதன் அடியில் விலங்குக் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். ஆழம் குறைந்த இடத்தில் கொழுப்பில் உயிருள்ள பவளத்தின் அச்சு பதிந்து வந்தது. ஆழம் கூடக்கூட மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. பவளம் எந்த ஆழத்தோடு நின்றுவிடுகிறது என்பதைக் கொழுப்பே சொல்லிவிட்டது. கரையிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தள்ளி, கப்பல் தலைவர் ஃபிட்ஸ்ராய் 7,200 அடிக் கயிற்றை விட்டும் தரை தட்டவில்லை. அத்தனை செங்குத்தான சரிவு! அந்தப் பக்கத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

வளையத்துக்கு அடியில் எரிமலை இருக்கிறதா என்று துளையிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி. லண்டனின் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகம் 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபுட்டி என்ற வளையத் தீவில் 1,114 அடி தோண்டியது. பவளச் சுண்ணாம்பு வந்துகொண்டே இருந்தது. எரிமலைப் பாறை வரவில்லை. 1882-இலேயே டார்வின் காலமாகியிருந்தார்.

விடை 1952-இல், பசிபிக்கின் எனிவெடாக் என்ற இன்னொரு வளையத் தீவில் கிடைத்தது. அங்கே போட்ட இரண்டு துளைகள் 1,200 மீட்டருக்கும் மேல் சுண்ணாம்பைக் கடந்து எரிமலைப் பாறையைத் தொட்டன. கோடிக்கணக்கான ஆண்டுகள் சின்னஞ்சிறு உயிர்கள் கட்டிய கட்டடம் அது. துளைகளில் ஒன்று அந்த வளையத்தின் எலுகெலாப் என்ற தீவில் போடப்பட்டது. 1952 நவம்பர் 1 அன்று அமெரிக்கா அந்தத் தீவில் ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. இன்று எலுகெலாப் இல்லை. அது இருந்த இடத்தில் கடலுக்குள் ஒரு பள்ளம்தான் இருக்கிறது.